வாளையாரில் வான்கா: புனைகதையின் உறுப்புகளும் தேர்வுத் தாளும்

புனைகதையை உறுப்பு உறுப்பாகப் பகுத்துக் கற்பிப்பது மேலைநாட்டுக் கல்விமுறை. ஹட்சன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1910-இல் வெளியிட்ட இலக்கியப் பயிற்சி நூலில், கதைக்கோப்பு, கதைமாந்தர், உரையாடல், காலமும் இடமும், நடை, ஆசிரியரின் வாழ்க்கை நோக்கு என்று நாவலுக்கு உறுப்புகள் வகுத்தார். அப்பகுப்பு நம் பல்கலைக்கழகங்களின் வழியே தமிழ்த் திறனாய்விலும் வேரூன்றியது. மு. வரதராசனார், அ. ச. ஞானசம்பந்தன் ஆகியோரின் நூல்களைப் பயின்றோர் அதன் தமிழ் வடிவத்தை நன்கறிவர். இன்று உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளை பாலக்காட்டில் இருப்பினும், சிங்கப்பூரில் இருப்பினும், இலண்டனில் இருப்பினும், பிளாட், கேரக்டர், செட்டிங், கான்ஃபிளிக்ட், பாயின்ட் ஆஃப் வியூ, தீம் என்னும் சொற்களை மனனம் செய்தே தேர்வுக் கூடத்துக்குள் நுழைகிறது.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுள் பல, பிள்ளையின் ஆங்கிலப் பாடத்தில் தமக்கு இடமில்லை என்று ஒதுங்கி நிற்பவை. கணக்குக்கும் அறிவியலுக்கும் தனிப்பயிற்சி வைப்பது போல ஆங்கிலத்துக்கும் ஒருவரை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் உளர். கதையைப் படித்தறியும் திறன் தமிழ் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றும், தேர்வுக்குப் பயன்படும் வண்ணம் அதை வெளிக்கொணர முடியும் என்றும் நாம் கருதுகிறோம். இக்கருத்தை ஓர் ஊரையும் ஒரு சிறுகதையையும் முன்வைத்து ஆராய்வோம்.

ஊர் வாளையார். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலை கேரளத்துக்குள் புகும் வாயில் அது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் கணவாயில், கீழைக் காற்றும் மேலைக் காற்றும் மாறி மாறி நுழையும் இடம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் எனத் தெற்கு நோக்கி எல்லையையொட்டி நீளும் ஊர்களில் எண்ணற்ற வீடுகளுக்குத் தமிழே வீட்டுமொழி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், முன்னர்க் கொச்சி அரசைச் சார்ந்திருந்த சித்தூரும் கேரளத்தின் பகுதிகளாயின. இன்னும் தெற்கே, மலைமேல், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழும் தமிழரும் அவ்வாறே கேரளத்தவர் ஆயினர். இவ்வட்டங்கள் 1972-இல் உருவான இடுக்கி மாவட்டத்துள் அடங்கின. இவ்விரு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வினாத்தாள்கள் தமிழிலும் அச்சாகின்றன. ஆயினும் ஆங்கிலத் தாள் எல்லார்க்கும் பொது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், தேர்வில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு இடையே வளரும் பிள்ளை இங்குள்ள பிள்ளை. புலம்பெயர்ந்த வீடுகளின் நிலை இதனின் பெரிதும் வேறன்று.

கதை ஆன்டன் செகாவின் ‘வான்கா’. 1886-இல் எழுதப்பெற்ற இவ்வுருசியச் சிறுகதை, 2016 முதல் 2025-இல் புதிய பாடநூல் வரும் வரை, கேரளப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலத் தேர்வுக்குரிய கதை ஆங்கிலக் கதை அன்று என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வது நலம். வாளையார்ப் பிள்ளைக்கு எத்துணைத் தொலைவோ அத்துணைத் தொலைவு இலண்டன் பிள்ளைக்கும் உண்டு.

கதை சிறிது. வான்கா ஒன்பது வயதுச் சிறுவன், தாயை இழந்தவன். மூன்று மாதங்களுக்கு முன் மாஸ்கோவில் அல்யாகின் என்னும் செருப்புத் தைப்பவனிடம் தொழில் பழக விடப்பட்டவன். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், வீட்டார் தேவாலயத்துக்குச் சென்றிருக்கும் வேளையில், கசங்கிய தாளை எடுத்து ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அடியும் பட்டினியும் தாளவில்லை, வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று மன்றாடுகிறான். எழுதி முடித்து உறையின்மேல் ஊர்ப்பெயரோ முகவரியோ இன்றி, கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு என்று மட்டும் குறித்து, தாத்தாவின் பெயரையும் சேர்த்து, அஞ்சற் பெட்டியில் இட்டுத் திரும்பி உறங்குகிறான். தாத்தா அடுப்பின் மேல் அமர்ந்து அக்கடிதத்தைச் சமையற்காரிகளுக்குப் படித்துக் காட்டுவதாகக் கனவு காண்கிறான்.

தேர்வுக் கையேடுகள் இக்கதைக்குத் தரும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வான்கா ஏழை, களங்கமற்றவன், நம்பிக்கையுள்ளவன், இடம் மாஸ்கோ, காலம் கிறிஸ்துமஸ் முன்னிரவு, முரண் முகவரியின்மை, கதையின் கருத்து குழந்தைத் தொழிலாளர் துயரம். இவற்றுள் எதுவும் பிழையன்று. இவ்வாறு எழுதிய பிள்ளை தேர்ச்சி பெறும். ஆனால் கதையைப் படிக்காத பிள்ளையும் இவ்வளவும் எழுதிவிடக்கூடும் என்பதுதான் நம் கவலை.

வேறோரிடத்தில் தொடங்கிப் பார்ப்போம். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு உறுப்புகளாக எண்ணியவை 34. அவற்றுள் மாத்திரை, அசை, சீர் முதலியவற்றைப் பள்ளியில் யாப்பு என்று கற்கிறோம். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அதே பட்டியலில் உள்ளன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்பொழுது என்பவற்றையும், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் செய்யுளின் உடற்கூறாகவே அவர் கொண்டார். அகப்பாடல் ஒவ்வொன்றுக்கும் கீழே தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனுக்குச் சொல்லியது என்று பழைய குறிப்பு இருப்பதை நாம் அறிவோம். அக்குறிப்பில் பாதி பேசுவோரைப் பற்றியது. மறுபாதி கேட்போரைப் பற்றியது. ஆங்கிலப் பள்ளியின் ‘பாயின்ட் ஆஃப் வியூ’ முதற்பாதியோடு நின்றுவிடுகிறது. தன்மைக் கூற்றா, படர்க்கைக் கூற்றா என்று கேட்டு, பெட்டியில் குறியிட்டு, மேலே செல்கிறது.

வான்காவின் கதையில் கேட்போர் யார்? கடிதம் தாத்தாவை நோக்கியது. தாத்தா அதைக் கேட்கப் போவதில்லை. அக்கடிதத்தை முழுமையாகக் கேட்பவர் இவ்வுலகில் ஒருவரே. அவர் கதையைப் படிக்கும் நாம். இதை உணர்ந்த பிள்ளைக்கு ‘டிராமாட்டிக் ஐரனி’ என்னும் தொடருக்கு வரைவிலக்கணம் தேவைப்படாது. முகவரி கடைசியில்தான் வருகிறது என்பதையும் நோக்குக. கடிதம் முழுவதையும் நாம் நம்பிக்கையோடு கேட்ட பிறகே, அது போய்ச் சேராது என்று அறிகிறோம். அறிந்தபின் மீண்டும் முதலிலிருந்து படித்தால் ஒவ்வொரு வரியும் வேறொன்றாக ஒலிக்கிறது. கடிதம் போய்ச் சேரவில்லை என்று செகாவ் ஓரிடத்திலும் எழுதவில்லை. அது எச்சம், படிப்பவரால் முடிக்கப்பெறுவது.

கூற்றும் இக்கதையில் ஒன்றன்று. கடிதத்தில் வான்கா பேசுகிறான். இடையிடையே எழுதுகோலை நிறுத்தி அவன் நினைவில் ஆழும்போது ஆசிரியர் பேசுகிறார். கடிதம் துயரத்தைச் சொல்ல, நினைவு மகிழ்ச்சியைச் சொல்கிறது. கிறிஸ்துமஸ் மரம் வெட்டத் தாத்தாவோடு காட்டுக்குச் சென்ற நாள், பனியில் ஓடிய முயல், தாத்தாவின் சிரிப்பு. கடிதத்துக்குள்ளேயும் ஓரிடம் உண்டு. அடிபட்டதை எழுதிவரும் சிறுவன் திடீரென்று மாஸ்கோக் கடைகளில் தூண்டிலோடு முள் விற்பதையும், மிகப் பெரிய மீனையும் தாங்கும் முள் ஒன்றைத் தான் கண்டதையும் வியந்து எழுதுகிறான். நம் கருத்தில் கதையின் உயிர்நிலை அவ்விடமே. அழுதுகொண்டிருக்கும் குழந்தை வேடிக்கை கண்டு அழுகையை மறக்கும் கணம் அது. கையேட்டுப் பண்புத்தொகையில் இத்தூண்டில் முள்ளுக்கு இடமில்லை. அழுகையும் மருட்கையும் ஒரே கடிதத்தில் கலந்து வரும் இதனை, மெய்ப்பாட்டியல் பயின்ற நம் பாட்டன்மார் எளிதில் இனங்கண்டிருப்பர்.

அடுத்து, களமும் காலமும். ஆங்கிலத் தேர்வில் ‘செட்டிங்’ ஒரு மதிப்பெண் வினா. மாஸ்கோ, இரவு என்று எழுதினால் முடிந்தது. நம் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அவை முதல் எனப்பட்டதற்குக் காரணம் உண்டு; கதைமாந்தர் நடிப்பதற்குப் பின்னால் தொங்கவிட்ட திரையாக அவற்றை நம் முன்னோர் கருதவில்லை. வான்கா ஏன் ஓடிப்போகவில்லை? நடந்தே ஊருக்குப் போய்விட எண்ணியதாக அவனே எழுதுகிறான். காலில் செருப்பில்லை, உறைபனிக்கு அஞ்சினேன் என்று காரணமும் சொல்கிறான். செருப்புத் தைப்பவன் வீட்டுப் பிள்ளைக்குச் செருப்பில்லை! இதனைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லும் சேர்க்காமல் கடந்து செல்கிறார் செகாவ். அந்த உறைபனி இல்லையேல் இக்கதையே இல்லை. அதே உறைபனி, ஊர் நினைவில் வரும்போது, மரங்களைச் சடசடக்க வைத்துத் தாத்தாவையும் பேரனையும் சிரிக்க வைக்கிறது. பொழுது ஒன்று, நிலம் இரண்டு. ஒரு நிலத்தில் விழா; மற்றதில் சிறை. இதனை ஒரு மதிப்பெண்ணில் அடக்கும் வினாத்தாளின் மீது நமக்குச் சற்றே வருத்தம்தான். ஆனால் மதிப்பெண் ஒன்றாயினும் பிள்ளை அறிவது அவ்வளவாக இருக்கத் தடையில்லை.

முகவரியின்மையே கதையின் அவலம் என்று கையேடுகள் கூறுவதாக மேலே குறித்தோம். அங்கேதான் நாம் கையேடுகளிலிருந்து முற்றும் வேறுபடுகிறோம். முகவரி சரியாக இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? தாத்தா யார் என்று பார்ப்போம். பண்ணை வீட்டின் இரவுக் காவலர். பகலெல்லாம் வேலைக்காரர் அடுக்களையில் உறங்குவதும், சமையற்காரிகளோடு கேலி பேசுவதும், இரவில் கட்டை தட்டிச் சுற்றி வருவதும் அவர் வாழ்வு. கண்களில் எப்போதும் குடிமயக்கம். பேரன் நினைவில் அவர் வேடிக்கையான பெரியவர். அதே நினைவின் ஊடே ஆசிரியர் நமக்குக் காட்டுவது, பிறர் வீட்டு அடுப்பில் குளிர்காயும் ஓர் ஏழை ஊழியரை. தாய் இறந்தபின் வான்கா தாத்தாவிடம் அடுக்களைக்கு மாற்றப்பட்டான்; அடுக்களையிலிருந்து மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டான். மாற்றியவர் யார், அனுப்பியவர் யார் என்று கதை கூறவில்லை. எல்லாம் செயப்பாட்டு வினை. தாத்தா அப்போது தடுத்ததாகவும் செய்தி இல்லை. ஆகவே கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் வந்திருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அஞ்சல் தவறியதால் விளைந்த துயரம் என்று கொண்டால் கதை சிறுத்துவிடுகிறது. அழைத்துச் செல்லுங்கள் என்று பிள்ளை கேட்க, அழைத்துச் செல்ல ஆற்றலற்ற வீடு ஊரில் இருக்கிறது என்பதே அதன் ஆழ்ந்த துயரம். வினைச்சொல்லின் வடிவத்தில் ஒளித்து வைக்கப்பட்ட இத்துயரத்தை, தமிழில் செய்வினையும் செயப்பாட்டுவினையும் கற்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுகொள்ள முடியும்.

புலம்பெயர்ந்தோர் மலரில் இதனை விரித்து எழுதுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குக் கடிதம் எழுதிய தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வான்கா எல்லாவற்றையும் எழுதினான். நம்மவர், இங்கு யாவரும் நலம் என்றே எழுதினர். அக்கடிதங்களிலும் எச்சம் இருந்தது. பாட்டியிடமோ தாத்தாவிடமோ, நீங்கள் எழுதாமல் விட்டது என்ன என்று பேரப்பிள்ளை கேட்டுத் தெரிந்துகொண்டால், ‘வான்கா’வுக்கு அதைவிடச் சிறந்த உரை கிடைப்பது அரிது.

இவ்வளவும் கூறியதால், எல்லாம் தொல்காப்பியத்திலேயே உண்டு, ஆங்கிலேயர் புதிதாகக் கூறியது யாதுமில்லை என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. சங்க மலர்களில் அத்தகைய கட்டுரைகள் மிகுதி. படித்தவுடன் நெஞ்சு நிமிரும். பிள்ளையின் கல்விக்குப் பயன் குறைவு. தொல்காப்பியர் வகுத்தது செய்யுளுக்கு. நாவலும் சிறுகதையும் அவர் காணாதவை. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டுதல் கூடாது என்பது அவர் விதி. நாவலோ பெயரிலேயே தொடங்குகிறது. 1879-இல் அச்சான நம் முதல் நாவலின் தலைப்பே பிரதாப முதலியார் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரும் ஊரும் பிறப்பும் உடைய தனியொருவர் காலப்போக்கில் மாறிவருவதைக் காட்டும் கலைக்குக் கதைக்கோப்பு, பாத்திர வளர்ச்சி என்னும் மேலைச் சொற்கள் இன்றியமையாதவை. ஃபார்ஸ்டர் 1927-இல் கதைக்கும் கதைக்கோப்புக்கும் இடையே காட்டிய வேறுபாடு நமக்கு உண்மையாகவே புதிது. ஊரில் கிணறு வற்றியது, ஒரு குடும்பம் வாளையாரைக் கடந்து சென்றது என்றால் அது கதை. கிணறு வற்றியதற்கு மறுநாள் தந்தை கடன்காரனைக் கண்டு தலைகுனிந்தார், அதை மகன் பார்த்துவிட்டான், ஆகவே அக்குடும்பம் வாளையாரைக் கடந்தது என்றால் அது கதைக்கோப்பு. காரணகாரியம் நிகழ்ச்சியில் இருந்து நெஞ்சுக்குள் நகர்வதைக் காட்ட இவ்வேறுபாடு உதவுகிறது. இதனைக் கடன் வாங்குவதில் நமக்கு இழுக்கில்லை.

கலைச்சொற்கள் வேறொரு வகையிலும் நம் பிள்ளைகளைத் தடுமாற வைக்கின்றன. ‘தீம்’ என்பதற்குக் கருப்பொருள் என்று இக்காலத்தார் பலர் எழுதுகின்றனர். தமிழ் வகுப்பில் அதே பிள்ளை தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் என்று படிக்கிறது. ஆங்கில வகுப்பில் அச்சொல்லுக்குக் கதையின் மையக்கருத்து என்று பொருளாகிவிடுகிறது. உண்மையில் நம் கருப்பொருள் அவர்களுடைய ‘செட்டிங்’ என்பதன் பகுதி. ‘தீம்’ என்பதற்குச் சற்று அருகில் நிற்பது உரிப்பொருள்தான். வான்கா கதைக்கு உரிப்பொருள் யாது என்று கேட்டால், பிரிவும் அதன்கண் இரங்கலும் என்று தமிழ் மாணவர் தயங்காமல் சொல்வர். கருப்பொருள் யாது என்று கேட்டால் தாத்தாவின் மூக்குப்பொடியையும் அடுப்பையும் நாயையும் உறைபனி படிந்த மரத்தையும் சொல்லக் கற்றிருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் குழப்பினால் இரண்டு வகுப்புகளிலும் நட்டமே.

இதனினும் பெரிய குழப்பம், மையக்கருத்தையும் நீதியையும் ஒன்றாகக் கருதுவது. கதை என்றால் நீதி இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போனது. இதனை ஆர். கே. நாராயண் போல் நகைச்சுவையோடு காட்டியவர் இலர். 1935-இல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில், சிறுவன் சுவாமிநாதனுக்குத் தேர்வில் ஒரு வினா வருகிறது. பொற்காப்பைக் காட்டி வழிப்போக்கரை அழைத்துக் கொன்ற புலியின் கதையில் பெறப்படும் நீதி யாது என்பது வினா. அக்கதையில் நீதி ஒன்று உண்டு என்றே அவன் அதுவரை எண்ணியதில்லை. வினாத்தாள் கேட்கிறதே, இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்கிறான். புலி தரும் காப்பை வாங்கலாகாது என்பதா, பொன்மேல் வைத்த ஆசை உயிரைப் போக்கும் என்பதா என்று ஆராய்ந்து, பின்னதே ஏற்றது எனத் தேர்ந்து, ஒரு வரியில் எழுதிவிடுகிறான். நகைக்கிறோம். ஆயினும் அச்சிறுவன் செய்தது நம் பிள்ளைகள் ஒவ்வொரு மார்ச் மாதமும் செய்வதே. ‘வான்கா’வின் நீதி யாது என்று தேடினால், முகவரியைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதில் போய் முடியும்! இவ்வாசிரியர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஓராண்டு வீட்டிலிருந்து படித்தும் எழுதியும் பொழுது போக்கி, 1926-இல்தான் தேறினார் என்பதை, மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனம் தளரும் பெற்றோருக்கு நினைவூட்டி மேலே செல்வோம்.

கேரளத் தேர்வுமுறைக்கு உரிய பாராட்டையும் நாம் மறைக்கலாகாது. உறுப்புகளின் பெயரைக் கேட்டுப் பட்டியல் எழுதச் சொல்வதோடு அத்தேர்வு நிற்பதில்லை. கதைமாந்தர் ஒருவரின் நாட்குறிப்பை எழுதுக, கடிதத்தை எழுதுக, இருவரிடை உரையாடலை அமைக்க என்னும் வினாக்கள் அதில் வழக்கமாக வருகின்றன. இவை கூற்றைப் பயிற்றும் நல்ல வினாக்கள். வேறொருவர் நாவில் நின்று பேசச் சொல்வது, அகப்பாடல் பாடிய புலவருக்கு இட்ட பணியை ஒத்தது. குறை வினாவில் இல்லை, கையேட்டில் உள்ளது. எந்தக் கதைமாந்தரின் நாட்குறிப்பாயினும் இன்று என் வாழ்வில் மறக்க முடியாத நாள் என்று தொடங்கி, இறைவனுக்கு நன்றி கூறி முடியும் வார்ப்பு ஒன்றைச் சந்தையில் விற்கிறார்கள். நாட்குறிப்புக்குக் கேட்போர் இல்லை, கடிதத்துக்கு உண்டு. தாத்தாவுக்கு எழுதும்போது வான்கா சொல்வதையும், தனக்கே எழுதினால் அவன் சொல்லக்கூடியதையும் வேறுபடுத்தி எழுதிப் பார்த்த மாணவர்க்கு அவ்வார்ப்பு தேவைப்படாது. தனக்கே எழுதியிருந்தால் தூண்டில் முள்ளைப் பற்றி வான்கா எழுதியிருப்பானா? இவ்வினாவுக்குத் திட்டமான விடை இல்லை. ஆனால் வீட்டில் இரவு உணவுக்குப் பின் தமிழிலேயே இதைப் பேசலாம். தமிழில் பேசித் தெளிந்ததை மறுநாள் ஆங்கிலத்தில் எழுதுவது பிள்ளைக்குக் கடினமன்று. பேசாததை எழுதுவதுதான் கடினம்.

பாடநூலுக்கு வெளியே என்ன படிக்கலாம் என்று கேட்போர்க்கு இரு நூல்களைச் சொல்வோம். இரண்டும் இந்நிலத்தைச் சார்ந்தவை. ஒன்று ஓ. வி. விஜயன் 1969-இல் நூலாக்கிய ‘கசாக்கின் இதிகாசம்’. பாலக்காட்டுக்கு அருகே தஸ்ராக் என்னும் சிற்றூரில், தம் உடன்பிறந்தாள் ஆசிரியப் பணியாற்றிய ஓராசிரியர் பள்ளியை ஒட்டிய வாழ்விலிருந்து அவர் படைத்தது. பனைமரங்களும் கணவாய்க் காற்றும் அதில் முதற்பொருள் என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறுகின்றன. பத்தாம் வகுப்புக்கு அது சற்று மூத்த நூல். பெற்றோர் முதலில் படிப்பது தக்கது. விஜயனே 1994-இல் அதனை ஆங்கிலமாக்கினார். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கில வடிவில் காற்றும் பனையும் எஞ்சின. தமிழ் கலந்த பாலக்காட்டுப் பேச்சின் சுவை பெரும்பாலும் போயிற்று. களம் என்பது மரத்திலும் மலையிலும் மட்டுமன்று, மாந்தர் நாவிலும் இருக்கிறது என்பதற்கு அவ்விழப்பே சான்று.

மற்றொன்று பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் ஆசைமொழிக்கு மயங்கி மலையேறிய கருப்பன், வள்ளி என்னும் இணையரின் வாழ்வைச் சொல்கிறார். முன்பணக் கடன் அவர்களை மலையிலிருந்து இறங்கவிடாமல் கட்டிப்போடுகிறது. மூணாறு, வண்டிப்பெரியாறுத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு இது தம் முன்னோர் கதையைப் போலவே தோன்றும். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்துக்கு இந்நூல் அடிப்படை. கலைநுட்பத்தில் இது செகாவின் பக்கத்தில் நிற்காது. நல்லோர் முற்றும் நல்லோராகவும் தீயோர் முற்றும் தீயோராகவும் வருவர். மருத்துவர் பேசும்போது சில இடங்களில் ஆசிரியரே பேசுகிறார். ஆனால் அட்டையும் மழையும் காய்ச்சலும் கொழுந்துக் கூடையின் பாரமும் கதையை நடத்திச் செல்லும் வன்மையில் குறைவில்லை. கேட்போர் என்னும் உறுப்பை இந்நூலின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு புலப்படும். எழுத்தறியாத தமிழ்த் தொழிலாளரின் கதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் மாந்தருள் பெரும்பாலோர் அதைப் படித்திருக்க இயலாது. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய பின்னரே அவர்தம் வழிவந்தோர் பலர் அதற்குக் கேட்போராயினர். மூலமும் மொழிபெயர்ப்பும் வீட்டில் இருக்குமாயின், கருப்பன் வள்ளியிடம் பேசும் ஓரிடத்தை இரு நூல்களிலும் திறந்து அருகருகே வைத்து, எது முதலில் எழுதப்பட்டது போல் ஒலிக்கிறது என்று பிள்ளையைக் கேட்டுப் பார்க்கலாம்.